மூழ்குவோர்க்கு ஏற்ற கையுறை



நீரில் மூழ்குவோர் அணியும் கையுறையைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்குக் கடல் நெடுந்தொலைவில் உள்ளது. நம் ஊர்களில் லாரிக்குக் கூண்டு கட்டுவோர் உண்டு. ஆழ்துளைக் கிணறு தோண்டுவோர் உண்டு. மரவள்ளிக் கிழங்கை அரைத்துச் சவ்வரிசி ஆக்குவோர் உண்டு. கடலில் மூழ்கிப் பிழைப்போர் இல்லை. அப்படியிருக்க, இந்தப் பொருள் நமக்கு எதற்கு என்று உங்களுள் சிலர் கேட்கலாம். கேட்பது முறைதான்.

கடல் இல்லையே தவிர, நீர் நம்மிடம் இருக்கிறது. 1934ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மேட்டூர் அணை நம் பக்கத்தில் உள்ளது. அதிலிருந்து இறங்கும் காவிரி பள்ளிபாளையம், குமாரபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என நம் ஊர்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஆடிப் பெருக்கன்று அந்தத் துறைகளில் கூடும் கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யாரேனும் சுழலில் சிக்கினால் தீயணைப்பு மீட்புப் பணியினர் நீரில் இறங்கித் தேடுகின்றனர். புதுவெள்ளத்தின் கலங்கல் நீரில் கண் பயன்படாது. கையால் தடவித்தான் தேட வேண்டும். அங்கே கையே கண். உடைந்த கண்ணாடியும் துருப்பிடித்த கம்பியும் கருவேல முள்ளும் கிடக்கும் ஆற்றடியில் அந்தக் கைக்கு ஓர் உறை வேண்டுமா, வேண்டாவா? இன்னொன்றும் உண்டு. நம் சமவெளிப் பிள்ளைகள் இப்போது கடலியல் படிக்கச் செல்கின்றனர், கடற்படையில் சேர்கின்றனர், 1977ஆம் ஆண்டு தூத்துக்குடியில் தொடங்கப்பட்ட மீன்வளக் கல்லூரிக்கும் போகின்றனர். அவர்களுக்கு இச்செய்தி நேராகவே பயன்படும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் சிறிய பொருளில் ஒரு பெரிய பாடம் அடங்கியிருக்கிறது. அணிவதற்குக் கடினமான பாதுகாப்பை மனிதர் அணிவதில்லை. பட்டறைகளில் கையுறை ஆணியில் தொங்கும். வேலை வெறுங்கையால் நடக்கும். இதனைச் சோம்பல் என்று கண்டிப்பது எளிது. ஆனால் அந்தக் கையுறை எளிதில் கையில் ஏறுமா, ஏறினால் விரல் வளையுமா என்று கேட்பவர் சிலரே. ஆகையால், எளிதில் அணியத் தக்கதாக இருத்தல் என்பது கையுறைக்கு ஓர் அலங்காரமன்று; அதுவே பாதுகாப்பின் முதற்படி.

முதலில், மூழ்குவோர் தம் கையை முன்னாளில் எவ்வாறு காத்துக்கொண்டனர் என்பதைப் பார்ப்போம். பாரசீக வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் விரல்களுக்கு மட்டும் தோலால் சிறு கூடுகள் செய்து மாட்டிக்கொண்டனர். முத்துச் சிப்பியின் விளிம்பு கத்தி போன்றது. பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும் சிப்பியைப் பிடுங்கும்போது முதலில் அறுபடுவது விரல் நுனியே. எனவே எங்கே ஆபத்தோ அங்கே மட்டும் காப்பு வைத்தார்கள். உள்ளங்கையும் மணிக்கட்டும் வெறுமையாகவே இருந்தன. விரற்கூட்டை ஒரு நொடியில் மாட்டலாம், ஒரு நொடியில் கழற்றலாம்.

நம் மன்னார் வளைகுடாவின் கதை வேறு. கொற்கை முத்தின் புகழை நீங்கள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த நெடிய மரபின் கடைசிப் பெருங்குளிப்புகள் 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் நடந்தன. கல்லைப் பற்றி இறங்கி, ஒரு மூச்சில் சிப்பி பொறுக்கி, கயிற்றை அசைத்து மேலேறுவது அவர்கள் முறை. முத்துக் குளிப்பு நின்றாலும், அந்தக் கடலில் கை நனைத்துப் பிழைப்போர் இன்றும் உள்ளனர். இராமேசுவரத்தையும் பாம்பனையும் சுற்றியுள்ள தீவுக் கரைகளில் பெண்கள் மூழ்கிக் கடற்பாசி எடுக்கின்றனர். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயர்களே அழகியவை. பாசி பாறையிலும் இறந்த பவளத்திலும் ஒட்டி வளர்கிறது. அதைப் பறிக்கையில் விரல் கிழிபடும். அதனால் அவர்கள் படகேறும் முன்னரே துணிக் கீற்றுகளை விரல் விரலாகச் சுற்றிக் கட்டிக்கொள்கின்றனர்.

இந்தத் துணிக்கட்டை ஏழ்மையின் அடையாளம் என்று மட்டும் எண்ணிவிட வேண்டா. அதில் அறிவு இருக்கிறது. கீற்று அவரவர் விரலின் பருமனுக்கு ஏற்பச் சுற்றப்படுகிறது. ஆகையால் அளவு தவறுவதில்லை. பாசியின் தண்டைக் கிள்ளுவதற்கு வேண்டிய மடக்கம் விரலுக்கு மீதமிருக்கிறது. துணி கிழிந்தால் வேறு கீற்றுக்குச் செலவு இல்லை. ஆயினும் குறையும் உண்டு. கட்டுவதற்கு நேரம் பிடிக்கிறது. நனைந்த துணி நழுவுகிறது. உள்ளங்கைக்குக் காப்பு இல்லை. ஊறிய தோலில் பட்ட சிறு காயம் எளிதில் ஆறுவதில்லை. எளிதில் அணியத்தக்க, விரலை முடக்காத, மலிவான கையுறை ஒன்று கிடைப்பது இத்தகைய உழைப்பாளிகளுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை நீங்களே ஊகிக்கலாம்.

இனிக் கையுறை எவற்றைத் தடுக்கிறது என்று காண்போம். முதலாவது, அறுப்பும் உராய்வும். பாறை, சிப்பி, கொட்டலசு, கயிறு ஆகியவற்றால் வரும் காயங்களை ஒரு மெல்லிய உறைகூடப் பெரும்பாலும் தடுத்துவிடும். இரண்டாவது, கொட்டும் உயிர்கள். சொறி மீனின் கொடுக்கணுக்கள் மிகக் குறுகியவை. இடையில் மெல்லிய துணி இருந்தாலே அவற்றுள் பல தோலை எட்டமாட்டா. ஆனால் கல்மீனின் முள்ளும் கடல் முள்ளெலியின் முள்ளும் தடித்த ரப்பரையும் துளைக்கும். கையுறை இருக்கிறதென்ற துணிவில் அவற்றைத் தொடுவது பேதைமை.

மூன்றாவது, குளிர். நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துகிறது. எனவே காற்றில் இதமாகத் தோன்றும் வெப்பநிலையே நீரில் நெடுநேரம் இருந்தால் உடலைக் குளிரச் செய்யும். உடல் குளிர்ந்தால் அது முதலில் கைகால்களுக்குச் செல்லும் குருதியைக் குறைத்துக்கொண்டு நெஞ்சையும் மூளையையும் காக்கிறது. விரலின் தோல் ஏறத்தாழ 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே குளிர்ந்துவிட்டால் நுண்ணிய வேலைகள் செய்யும் திறம் குன்றிவிடும். நீருக்குள் இது சிறு தொல்லையன்று. இடுப்பில் கட்டிய எடைவாரின் கொக்கியைத் திறக்கவும், மிதவைச் சட்டையின் பொத்தானை அழுத்தவும், தோழருக்குச் சைகை காட்டவும் விரல்தானே வேண்டும்?

ஆகவே, கையுறை கையைக் காக்க வேண்டும். ஆனால் கையைக் கையாகவே இருக்கவிட வேண்டும். தடிமன் கூடினால் வெப்பம் கூடும், தொடுவுணர்வு குறையும். இறுக்கம் கூடினால் நீர் உட்புகாது, அணிவது கடினமாகும். தளர்வு கூடினால் அணிவது எளிது. ஆனால் உள்ளே நீர் ஓடிக்கொண்டேயிருக்கும். விரல் நுனியில் வெற்றிடம் நின்று எதையும் பற்ற இயலாது. இந்த முரண்பாட்டைத் தீர்ப்பதே கையுறை செய்வோர் கலை. அதைப் புரிந்துகொண்டு தேர்வதே வாங்குவோர் அறிவு.

அணிவது ஏன் கடினமாகிறது? இதற்கு ஓர் எளிய சோதனை சொல்கிறேன். வீட்டில் பாத்திரம் துலக்கும் ரப்பர்க் கையுறை இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கை நன்றாக உலர்ந்திருக்கும்போது அணிந்து பாருங்கள். பிறகு கையை நீரில் நனைத்து, நீரை உதறிவிட்டு, ஈரமாகவே மறுபடி அணிய முயலுங்கள். விரல் பாதி வழியில் நின்றுவிடும். மூன்றாம் முறை, கையுறைக்குள் நீரை நிரப்பி, கையை உள்ளே செலுத்துங்கள், வழுக்கிக்கொண்டு போகும். உலர்ந்த கை எளிது. முழுவதும் நனைந்த கை எளிது. அரைகுறை ஈரமே கடினம். ஈரத்தால் மென்மையான தோல் ரப்பரோடு ஒட்டிக்கொள்கிறது, உராய்வு மிகுகிறது. இடையில் நீர்ப்படலம் முழுமையாக நின்றால் அதுவே எண்ணெய்போல் வழுக்க உதவுகிறது.

நெடுநேரம் நீரிலிருந்த விரல் நுனி சுருங்குவதை நீங்கள் அறிவீர்கள். தோல் நீரை உறிஞ்சுவதால் மட்டும் அது நேர்வதில்லை. நரம்பு அறுபட்ட விரல் நீரில் சுருங்குவதில்லை. எனவே நரம்பின் ஏவலால் குருதிக் குழாய்கள் ஒடுங்குவதே அதற்குக் காரணம். அந்தச் சுருக்கம் ஈரமான பொருளைப் பற்ற உதவுகிறது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். முதன்முறை கையுறை மாட்டும்போது இல்லாத தொல்லை, நீரிலிருந்து வந்து மறுமுறை மாட்டும்போது ஏன் என்பதற்கு ஈரத்தில் ஊறிய இந்தத் தோலும் ஒரு விடை.

இந்த உராய்வோடு மனிதர் நடத்திய போராட்டத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1889ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஜான்சு ஆப்கின்சு மருத்துவமனையில் கரோலின் ஆம்ப்டன் என்னும் செவிலியின் கைகள் கிருமிகொல்லி மருந்தால் புண்பட்டன. அறுவை மருத்துவர் வில்லியம் ஆல்ஸ்டெட் அவருக்காக மெல்லிய ரப்பர்க் கையுறைகளைக் குட்இயர் நிறுவனத்தாரிடம் செய்வித்தார். பின்னாளில் அத்தகைய கையுறைகள் எளிதில் ஏறுவதற்காக உள்ளே பொடி தூவும் வழக்கம் உலகெங்கும் பரவியது. ஆனால் அந்தப் பொடி மூச்சோடு உட்சென்றும் காயத்தில் படிந்தும் தீங்கு செய்வது தெரியவந்தது. அமெரிக்க அரசு 2016 டிசம்பரில் ஆணையிட்டுப் பொடியிட்ட மருத்துவக் கையுறைகளை விலக்கியது. எளிமையைத் தேடுவது நன்று. எந்த வழியில் தேடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

மூழ்குவோர் உடையின் கதையும் இதையே ஒத்தது. 1930ஆம் ஆண்டு அமெரிக்காவில் டூபான்ட் நிறுவனத்தின் வேதியியலார் நியோப்ரீன் என்னும் செயற்கை ரப்பரைக் கண்டனர். 1943இல் பிரான்சு நாட்டில் கூஸ்தோவும் காஞானும் முதுகில் சுமக்கும் காற்றுக்கலத்தோடு கூடிய மூச்சுக்கருவியை ஆக்கினர். இன்று ஸ்கூபா என்று வழங்குவது அதன் வழிவந்ததே. 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் இயற்பியலறிஞர் இயூ பிராட்னர், நுரைபோன்ற நியோப்ரீனால் உடை செய்தால் அதிலுள்ள நுண்ணிய வளிக்குமிழிகளே குளிரைத் தடுக்கும் என்று காட்டினார். ஆனால் துணி ஒட்டாத அந்த வெற்று நுரை ரப்பர் தோலைப் பற்றிக்கொண்டது, இழுத்தால் கிழிந்தது, பொடி தூவித்தான் அணிய வேண்டியிருந்தது. பின்னர் ரப்பரின் மேல் நைலான் துணியை ஒட்டும் வழக்கம் வந்தபோது இந்தத் தொல்லை பெரிதும் நீங்கியது. துணி வழுக்கியது; ரப்பருக்கு வலிமையும் சேர்ந்தது. எளிதில் அணியத்தக்க கையுறைக்கு முதல் இலக்கணம் இந்த உட்துணியே.

இனி, கடையில் நின்று கையுறையைத் தேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நான் சொல்லும் முறையில் பாருங்கள்.

முதலில் கையை அளந்துகொள்ளுங்கள். கட்டை விரலை விட்டுவிட்டு, நான்கு விரல்களின் அடிக்கணு வழியாக உள்ளங்கையைச் சுற்றித் தையற்காரர் நாடாவால் அளக்க வேண்டும். நடுவிரலின் நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். சிறிது, நடுத்தரம், பெரிது என்று அச்சிட்ட அளவுகள் செய்வோர்க்குச் செய்வோர் மாறும். ஆகையால் எழுத்தை நம்பாமல் அணிந்து பாருங்கள். விரல் நுனி கையுறையின் நுனியைத் தொட வேண்டும். விரலிடுக்கு அதன் இடுக்கில் அமர வேண்டும். கையை இறுக மூடித் திறந்து பாருங்கள். புறங்கையில் இழுத்துப் பிடித்தால் அது சிறிது. உள்ளங்கையில் மடிப்பு விழுந்தால் அது பெரிது. எளிதில் அணியலாமென்று ஓர் அளவு பெரிதாக வாங்குவோர் பலர். அது எளிமையன்று, கையுறையின் பயனையே விட்டுக்கொடுப்பது.

அடுத்தது தடிமன். நம் தென்கடல்களின் வெதுவெதுப்பான நீருக்கு ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் போதும். குளிர் மிகுந்தால் 3 மில்லிமீட்டர்; குளிர்நாடுகளில் 5 மில்லிமீட்டர். அதற்கும் மேற்பட்ட குளிரில் கட்டை விரலும் சுட்டுவிரலும் தனித்தனியாகவும் ஏனைய மூன்றும் ஒன்றாகவும் அமைந்த உறை அணிவர். தேவைக்கு மேற்பட்ட தடிமன் அணிவதையும் கடினமாக்கும், விரலையும் மரக்கட்டையாக்கும். வெதுவெதுப்பான நீரில் காயத்தைத் தடுப்பது மட்டுமே நோக்கமானால், பின்னல் துணியின் உள்ளங்கைப் பக்கத்தில் ரப்பர் தோய்த்த உறுதியான வேலைக் கையுறையே போதுமானது. அது இரும்புக்கடைகளிலேயே கிடைக்கும், விலையும் குறைவு, அணிவதும் எளிது. ஆற்றடியில் கண்ணாடியும் கம்பியும் கிடக்கும் இடத்தில் தேடுவோர்க்கு அறுபடாத இழை வேண்டும். 1965இல் ஸ்டெபானி குவோலெக் என்னும் பெண் வேதியியலறிஞர் கண்டுபிடித்த கெவ்லார் அத்தகையது.

தடிமனைப் பற்றிக் கல்லூரி மாணவர்கள் கவனிக்க வேண்டிய இயற்பியல் ஒன்று உண்டு. பாயில் விதியை நினைவுகூருங்கள். நீரில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரு மடங்கு. 20 மீட்டரில் மும்மடங்கு. 30 மீட்டரில் நான்கு மடங்கு. நுரை ரப்பரின் குமிழிகள் அதற்கேற்பச் சுருங்கும். எனவே கரையில் தடிப்பாகவும் கச்சிதமாகவும் இருந்த கையுறை ஆழத்தில் மெலிந்து, சற்றுத் தளரும். குளிரைத் தடுக்கும் ஆற்றலும் குறையும். கடையிலேயே தளர்வாக இருப்பதை ஏன் வாங்கலாகாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

மூன்றாவது, உட்புறமும் மணிக்கட்டும். கையுறையை வெளிப்புறமாகச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். உள்ளே வழுக்கும் துணி விரல் நுனிவரை செல்கிறதா? தையல்கள் தடித்து விரலில் உறுத்துகின்றனவா? சில கையுறைகளில் மணிக்கட்டு ஓரத்தில் மட்டும் துணியின்றி வழுவழுப்பான ரப்பர் இருக்கும். அது நீரை நன்றாகத் தடுக்கும். ஆனால் கை நுழையும்போது அதுவே தடை. அத்தகையதில் ஓரத்தை வெளிப்புறமாக மடித்துவிட்டுக் கையை நுழைத்து, பிறகு மடிப்பை விரிக்க வேண்டும். வேறு சிலவற்றில் மணிக்கட்டில் ஜிப்போ வெல்க்ரோப் பட்டையோ வைத்திருப்பர். வாய் அகலமாகத் திறப்பதால் கை எளிதில் நுழையும், நுழைந்தபின் இறுக்கிக்கொள்ளலாம். இறுக்கம், எளிமை ஆகிய இரண்டையும் காலத்தால் பிரித்து வைத்த நல்ல உபாயம் இது. வெல்க்ரோவின் பிறப்பும் சுவையானது. 1941இல் ஜார்ஜ் தெ மெஸ்த்ரால் என்னும் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் தம் உடையிலும் நாயின் மயிரிலும் ஒட்டிய காட்டு விதைகளை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். நுண்ணிய கொக்கிகளைக் கண்டார். நம் வேலியோரத்து நாயுருவி வேட்டியில் ஒட்டுவதும் அப்படித்தான். பார்த்தவர் பலர்; உருப்பெருக்கியில் வைத்தவர் ஒருவர்.

நாலாவது, விரலின் வளைவு. கையைத் தளர்த்தித் தொங்கவிட்டால் விரல்கள் இயல்பாகச் சற்று மடங்கியிருக்கும். அதே வளைவில் தைத்த கையுறை கையைச் சோர்வடையச் செய்யாது. தட்டையாக வெட்டித் தைத்தது ஒவ்வொரு முறை பற்றும்போதும் எதிர்த்து நிற்கும்.

இவற்றையெல்லாம் பார்த்தபின் சில சிறு தேர்வுகள் வையுங்கள். கையுறையோடு மேசையிலிருந்து ஒரு நாணயத்தை எடுக்க முடிகிறதா? ஒரு கயிற்றில் முடிச்சிட்டு அவிழ்க்க முடிகிறதா? பெல்ட்டின் கொக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்க முடிகிறதா? நான்காவது தேர்வு முதன்மையானது: ஒரு கையில் அணிந்துவிட்டு, அந்தக் கையாலேயே மற்றக் கைக்கு அணிவிக்க முடிகிறதா? பலரும் ஒற்றைக் கையுறையை மட்டும் போட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுத்துவிடுகின்றனர். முதற் கையுறையை வெறுங்கை மாட்டுகிறது. இரண்டாவதை உறையணிந்த கை மாட்ட வேண்டும். தொல்லை தொடங்குவது அங்கேதான். எனவே கையுறையின் தேர்வு எப்போதும் இரண்டாவது கையிலேயே முடிவாகிறது.

என்னிடம் படித்துக் கடலுயிரியல் கற்கச் சென்ற மாணவர் ஒருவர், விடுமுறையில் வந்திருந்தபோது தம் கையுறைகளைக் கொணர்ந்து காட்டினார். படகின் ஆட்டத்தில், பிறர் காத்துக்கொண்டிருக்க, இரண்டாவது உறை ஏறாமல் அதைப் படகிலேயே விட்டுவிட்டு ஒற்றை உறையோடு இறங்கியதாகவும், மேலேறும் கயிற்றைப் பற்றிய வெறுங்கையைக் கயிற்றில் படிந்திருந்த கொட்டலசு கிழித்துவிட்டதாகவும் சொன்னார். தழும்பு உள்ளங்கையில் குறுக்காக இருந்தது. நாங்கள் இருவரும் ஒரு வாளி நீரை முற்றத்தில் வைத்துக்கொண்டு அந்தக் கையுறையைப் பலவாறு மாட்டிப் பார்த்தோம். குறை அளவில் இல்லை. மணிக்கட்டு ஓரத்தின் வெற்று ரப்பர்தான் தடுத்தது. ஓரத்தை மடித்து, உள்ளே நீர் நிரப்பி, வாளிக்குள்ளேயே கையை நுழைத்தபோது இரண்டு கைகளிலும் உறை அமைதியாக ஏறிற்று. அன்று அவர் சென்றது கையுறையோடு மட்டுமன்று, ஒரு முறையோடு.

அந்த முறையை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றை முன்னரே கழற்றிவிடுங்கள். நகத்தை வெட்டுங்கள், நுரை ரப்பரைக் கிழிப்பது பெரும்பாலும் நகமே. துடுப்புக் காலணி, முகக்கண்ணாடி, வார்கள் எல்லாவற்றையும் பூட்டிச் சரிபார்த்த பின்னரே கையுறைக்கு வாருங்கள். உறையணிந்த கையால் சிறு வார்களை இழுப்பது கடினம். கையுறையை நீரில் முக்கி, நீர் நிரப்பி அணியுங்கள். ஓரத்தைப் பற்றி வலிந்து இழுக்காதீர்கள், தையல் விட்டுவிடும். உள்ளங்கைப் பகுதியைப் பற்றி மெல்ல நகர்த்தி, பிறகு விரலிடுக்குகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பொருத்துங்கள். துணைவர் உடனிருந்தால் அவர் உதவியைக் கேட்பதில் நாணம் வேண்டா. மூழ்குவோர் இருவர் இருவராகச் செல்வது ஒருவர்க்கொருவர் உதவத்தானே?

இவ்வளவும் சொன்னபின், கையுறை அணியலாகாத இடத்தையும் சொல்லியாக வேண்டும். பவளப் பாறைகளைப் பார்க்கச் செல்வோர் கையுறை அணிந்திருந்தால் எதையும் அஞ்சாது பற்றுகின்றனர். கைக்குக் காயமில்லை, ஆனால் பவளத்துக்குக் காயம். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரோ சில சென்டிமீட்டரோ மட்டும் வளரும் உயிர் ஒரு பிடியில் முறிந்துவிடும். கரீபியக் கடலிலுள்ள பொனேர்த் தீவின் கடற்பூங்காவில் இதனாலேயே மூழ்குவோர் கையுறை அணிவதைத் தடை செய்துள்ளனர். நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டது; பாறை கட்டும் பவளங்கள் நம் நாட்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. ஆகவே, வேலைக்காக மூழ்குவோர் கையைக் காக்க உறை அணிக. காட்சிக்காக மூழ்குவோர் கையை மார்போடு கட்டிக்கொள்க. தொடாத கைக்கு உறை தேவையில்லை.

கையுறையைப் பேணுவது எளிது. பயன்படுத்தியபின் நன்னீரில் உள்ளும் புறமும் அலசுங்கள்; உப்புப் படிகம் தையலை அரிக்கும், ஜிப்பை இறுக்கும். உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர் வெயிலில் போட்டால் ரப்பர் விரைவில் வெடிக்கும். பேணப்படாத கையுறை விறைத்துப்போகும். விறைத்தது எளிதில் ஏறாது. ஏறாதது ஆணியில் தொங்கும். நாம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம்.

மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் பிறர்க்குக் கருவி வாங்கித் தரும் பொறுப்பில் அமர்வீர்கள். ஆற்றில் இறங்கித் தேடுவோர்க்கும், பாசி பறிக்கும் பெண்களுக்கும், ஆலையில் உழைப்போர்க்கும் கையுறை வாங்கும் நாள் வந்தால், பட்டியலில் எண்ணிக்கையும் விலையும் மட்டும் பாராதீர்கள். அணியப் போகிறவரை அழைத்து, அவர் கையை நனைத்து, இரண்டு கைகளிலும் அணிந்து காட்டச் சொல்லுங்கள். அவருக்கு எளிதாக இருந்தால் வாங்குங்கள். அவர் அணிந்தால்தான் அது பாதுகாப்பு.